நிரம்பி வழிந்த மழைமானி

"கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்று கேட்டு வளர்ந்தவன் நான். 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி. திருச்செந்தூருக்கு அருகே எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நான் வைத்திருக்கும் மழைமானி 20 செ.மீ. வரைதான் கொள்ளும். மறுநாள் காலை 8.30 மணிக்கு, அதாவது வானிலைத் துறை ஒரு நாள் மழையைக் கணக்கு முடிக்கும் நேரத்தில், முழங்கால் நனைய மாடியேறிப் பார்த்தபோது அதன் விளிம்பில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. எட்டு ஆண்டுகளாக எண்களே எழுதிவந்த குறிப்பேட்டில் அன்றைய கட்டத்தில் மட்டும் "நிரம்பி வழிந்தது" என்று எழுதினேன். காயல்பட்டினத்தில் அந்த 24 மணி நேரத்தில் பதிவானது ஏறக்குறைய 95 செ.மீ.; தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியை விட அதிகம். அதைக் கொட்டியது பெயர் சூட்டப்பட்ட புயல்கூட இல்லை, குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சிதான்.

"பருவமழையே மாறிவிட்டது" என்று அந்த வாரம் ஊரெங்கும் பேச்சு. எனக்கு அவ்வளவு எளிதாகத் தலையசைக்க முடியவில்லை. 1992 நவம்பரில் மாஞ்சோலை மலையிலுள்ள காக்காச்சியில் ஒரே நாளில் ஏறக்குறைய 96 செ.மீ. பெய்திருக்கிறது. அது மலை, இது கடற்கரைச் சமவெளி என்ற வேறுபாடு சிறியதன்று; ஆனாலும் ஒரு நாள் மழையை மட்டும் வைத்துக்கொண்டு நீண்டகால மாற்றத்தை நிறுவிவிட முடியாது.

வடகிழக்குப் பருவமழை இயல்பிலேயே நிலையற்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் இயல்பளவு சுமார் 44 செ.மீ. 2015-இல் ஏறக்குறைய 67 செ.மீ. பெய்து சென்னை மூழ்கியது. 2016-இல் 17 செ.மீ.கூட எட்டவில்லை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 42 செ.மீ. வரும். காகிதத்தில் ஏறக்குறைய இயல்பான அந்த ஈராண்டுகளில் ஒன்று வெள்ளம், மற்றொன்று தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய 1876-க்குப் பின் காணாத வறட்சி.

இந்த ஊசலாட்டத்துக்குப் பெருங்கடல்கள் பெரிதும் காரணம். பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதிகள் வழக்கத்தை விட வெப்பமாகும் எல் நினோ தலைதூக்கினால் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நலியும், வடகிழக்குப் பருவமழையோ வலுக்கும். 2015 அதற்கு நல்ல சான்று. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்கை விட வெப்பமாக இருப்பதும் நமக்குச் சாதகம். 2016-இல் அது தலைகீழாக இருந்தது. ஆனால் அதே பசிபிக் பகுதி வழக்கத்தை விடக் குளிரும் லா நினா ஆண்டுகளான 2010-லும் 2021-லும் இயல்பை மிஞ்சி மழை கொட்டியதால், இதையும் விதியாகச் சொல்லிவிடக் கூடாது.

இத்தகைய ஊசலாட்டத்துக்கு நடுவே மெதுவான மாற்றத்தைப் பிரித்தறிய நூறாண்டுப் பதிவுகளே போதாதபோது என் எட்டாண்டுக் குறிப்பேடு எம்மாத்திரம்! ஒன்றை மட்டும் இயற்பியலின் துணையோடு சொல்லலாம்: காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. எனவே பருவத்தின் மொத்த மழை மாறாமல் இருந்தாலும், பெய்கிற நாளில் கொட்டித் தீர்ப்பதற்கான வாய்ப்பு அதிகம்.

விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரியாக உளுந்து விதைக்கும் என் மாமாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் விளக்கினேன். "மொத்தக் கணக்க வச்சு என்னடே செய்ய? விதைப்புக்கு ஒரு மழை, பூக்கையில ஒரு மழை, அதத்தான கேக்கேன்" என்றார். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழைநாள் என்று எண்ணும். அவரிடம் பேசி வந்த பிறகு, குறிப்பேட்டில் மழைநாள்களுக்கு ஒரு பத்தியும், இரண்டு மழைநாள்களுக்கு இடையே காய்ந்த நாள்களுக்கு இன்னொரு பத்தியும் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மழைமானியின் கீழே ஒரு பெரிய வாளியும் இருக்கிறது.