காலி நிலத்துக்கு இவ்வளவு வாடகையா?

கேப்டவுனில் வேலை பார்க்கும் மகன் ‘சன்போனா’ என்று சொன்னபோது ஏதோ இருமல் மருந்தின் பெயர் என்று நினைத்தேன். தென்னாப்பிரிக்காவின் சிறு கரூ என்னும் அரைப் பாலைவனத்தில், சுமார் 58,000 ஹெக்டேரில் விரிந்து கிடக்கும் தனியார் வனவிலங்குக் காப்பகமாம். அங்கே எனக்கும் மனைவிக்கும் ஓர் இரவு தங்க ஆகும் செலவைக் கேட்டதும் வாயடைத்துப் போனேன். என் இரண்டு மாத ஓய்வூதியம் அது. மகன்தான் கட்டினான் என்றாலும், வேலைக்காலம் முழுக்க வங்கியில் கடன் விண்ணப்பங்களைச் சலித்தெடுத்தவன் சும்மா இருப்பேனா? இந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டே திரும்புவது என்ற முடிவோடுதான் காரில் ஏறினேன்.

கேப்டவுனிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். ஊஸ்டர், ராபர்ட்சன் வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். மான்டேகு ஊருக்கு முன்னால், தாமஸ் பெயின் அமைத்து 1877இல் திறக்கப்பட்ட மலைப்பாதை வருகிறது. அதில் பாறையைக் குடைந்த ஒரு சிறு சுரங்கம். மான்டேகுவைத் தாண்டியதும் பச்சை குறைந்துகொண்டே போய், முழங்கால் உயரப் புதர்களும் கல்லும் மட்டும் மிஞ்சின. கடல் பக்கமிருந்து வரும் மழையை லாங்கெபெர்க் மலைத்தொடர் அந்தப் பக்கமே வாங்கி வைத்துக்கொள்கிறது.

லாட்ஜைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கூடாரம் என்றார்கள், உள்ளே எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிய குளியலறை இருந்தது. வெளியே மரத்தளத்தில் ஒரு குட்டி நீச்சல் தொட்டி. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற மருமகள், “2018 வறட்சியில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் மாமா. பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றினோம்” என்றாள். கடைசிவரை யாரும் அந்தத் தொட்டியில் இறங்கவில்லை. ஜூலை மாதக் குளிரும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதல் மாலைச் சவாரியில் கண்ணுக்கு எட்டியவரை ஒன்றுமே இல்லை. நீண்ட நேரான கொம்புகளோடு ஜெம்ஸ்பாக் மான் ஒன்று, தொலைவில் நாலைந்து ஸ்பிரிங்பாக் மான்கள், அவ்வளவுதான். உடன் வந்த ஒருவர் சிங்கம் எங்கே, யானை எங்கே என்று கேட்கத் தொடங்கிவிட்டார். எங்கள் வழிகாட்டி பக்கத்து ஊரான பாரிடேலைச் சேர்ந்த பெண். அவருடைய தாத்தா இதே நிலத்தில் ஆட்டுப் பண்ணையில் வேலை செய்தவராம். வண்டியை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: இங்கே இருந்ததெல்லாம் பண்ணைகள். ஆடுகள் புல்லை வேரோடு மேய்ந்து தீர்த்தன. பிறகு பண்ணைகளை ஒவ்வொன்றாக வாங்கி, நடுவேலிகளைப் பிடுங்கிவிட்டு, நிலத்தைச் சும்மா விட்டார்கள். மழை குறைந்த மண்ணில் புல் குறைவு. புல் குறைந்தால் மான் குறைவு. மான் குறைந்தால் சிங்கம் அதைவிடக் குறைவு. கூட்டம் கூட்டமாக விலங்கு வேண்டுமென்றால் வெளியிலிருந்து தீவனம் கொண்டுவந்து கொட்ட வேண்டும்.

எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. இந்த மண் தரும் வட்டி அவ்வளவுதான்; அதற்கு மேல் எடுப்பது அசலில் கைவைப்பது. பண்ணைக்காரர்கள் அசலைத் தின்றார்கள். இப்போது அதைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், நம்மிடம் வாடகை வாங்கி. படுக்கை விரிப்புக்கும் வைனுக்கும் போகும் பங்கைப் பற்றி எனக்கு இன்னும் மாற்றுக் கருத்து உண்டு. காலியாகக் கிடக்கும் நிலத்துக்குப் போகும் பங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் காலை, வண்டி நின்ற இடத்தில் ஒரு புதரைப் பார்த்து என் மனைவி, “இங்கே பாருங்கள், நம் மொட்டைமாடி ஜேட் செடி!” என்றாள். நர்சரியில் தொட்டியில் விற்பார்களே, குண்டு குண்டு இலைகளும் சிவந்த தண்டுமாக, அதேதான். இங்கே ஸ்பெக்பூம் என்கிறார்கள். நம் மாடியில் ஒரு சாண் உயரத்தில் நிற்பது இங்கே ஆள் உயரம் தாண்டி வளர்ந்திருந்தது. வழிகாட்டி ஓர் இலையைப் பறித்துக் கொடுத்தார். நல்ல புளிப்பு. மாலையில் மறுபடி ஒன்று தின்னச் சொன்னார். புளிப்பு பாதிகூட இல்லை. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் ஈரம் போய்விடும் என்பதால், இந்தச் செடி இரவில் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமிக்கிறது. பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அமிலத்தைச் செலவழிக்கிறது. யானைக்கு இது பிடித்த தீனி. அது ஒடித்துப் போடும் கிளை விழுந்த இடத்திலேயே வேர்விட்டு முளைத்துவிடுமாம். ‘இனி அதற்குத் தண்ணீர் ஊற்றிக் கெடுக்க மாட்டேன்’ என்று மனைவி அங்கேயே அறிவித்தாள்.

சிவிங்கிப்புலியை நடந்தே போய்ப் பார்த்தோம். கழுத்துப் பட்டையின் சமிக்ஞையை ஏரியலால் தேடிப் பிடித்து, எங்களை ஒற்றை வரிசையில் நிற்கவைத்து, பேசக் கூடாது, குனியக் கூடாது என்று சொல்லி அழைத்துப் போனார்கள். புதருக்குப் பின்னால் படுத்திருந்தது, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கண்ணோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் கறுப்புக்கோடு எண்ணெய் வைத்து இழுத்ததுபோல் மின்னியது. நாங்கள் இந்தியர் என்று தெரிந்ததும் வழிகாட்டி குனோ தேசியப் பூங்காவைப் பற்றித்தான் கேட்டார். 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்துக்கு வந்தன அல்லவா, அவற்றில் சில இறந்த செய்தி அங்கும் பேசப்பட்டிருக்கிறது. நான் தெரிந்ததைச் சொன்னேன், பெருமைப்பட்டுக்கொள்ள முடியவில்லை.

வெள்ளைச் சிங்கத்தைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்கள். என் மகனும்தான். அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளை நிறம் மறைந்து நிற்கும் மரபணுவால் வருவது. அதற்குப் பேர்போன இடம் இங்கிருந்து வெகுதூரம் வடகிழக்கே உள்ள டிம்பவாட்டி. இந்த மண்ணுக்கே உரியது ஆற்றங்கரை முயல். கரூவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது, அழிவின் விளிம்பில் இருப்பது. வறண்ட ஆற்றோர வண்டல் மண்ணில் வளை தோண்டி, ஒரு ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிதான் போடும். அந்த வண்டலைத்தான் உழவர்களும் தேடித் தேடி உழுதார்கள். இரவில் மட்டும் வெளியே வரும் அதை நாங்கள் பார்க்கவில்லை. விளம்பரப் படத்தில் சிங்கம் இருக்கும் இடத்தில் அந்த முயலைப் போட்டால் எத்தனை பேர் வருவார்கள் என்று மகனிடம் கேட்டேன். “நீங்கள் ஒருவர் வருவீர்கள், அப்பா; அதுவும் நான் பணம் கட்டினால்” என்றான்.

போக நினைப்பவர்களுக்கு: மலேரியா இல்லாத பகுதி, அதற்கான மாத்திரை தேவையில்லை. ஜூலையில் திறந்த வண்டியில் விடியற்காலைச் சவாரி என்றால் காதை மூடும் குல்லாய் கட்டாயம். அவர்கள் தரும் கம்பளி கால்களுக்குத்தான் போதும். சைவம் என்று மட்டும் எழுதி அனுப்பாமல், மீனும் வேண்டாம், முட்டையும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதிவிடுங்கள். அப்படி எழுதியதால்தான் எங்களுக்கு இரவில் நல்ல கொண்டைக்கடலைக் குழம்பு கிடைத்தது, காரம் மட்டும் கொஞ்சம் கம்மி.