உதவியாளர் பதவி: ஒரு விண்ணப்பப் பருவத்தின் நாட்குறிப்பு, மட்டக்களப்பு

2024 செப்டெம்பர் 10

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பட்டப்பின் படிப்புக்கும் அதோடு வரும் உதவியாளர் பதவிக்கும் இம்முறை விண்ணப்பிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சம்பளம் யாருடைய கையிலிருந்து வருகிறது என்பதை. டீ.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) என்றால் துறை தருகிறது; இளநிலை மாணவருக்கு ஆய்வுகூட வகுப்பு எடுப்பதும் விடைத்தாள் திருத்துவதும் வேலை. ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர்) என்றால் ஒரு பேராசிரியரின் ஆய்வு நிதி. ஆகவே முதலாவதுக்குத் தெரிவுக்குழு முடிவெடுக்கும், இரண்டாவதுக்கு அந்த ஒரு ஆள்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை விவசாய பீடத்தில் படித்தவர்களுக்கு வாய்ப்பு பெரும்பாலும் ஆர்.ஏ. பக்கம்தான். விவசாயக் கல்விக்கென மாநிலங்களுக்கு அரச காணி கொடுத்த 1862ஆம் ஆண்டு மொரில் சட்டத்தின் கீழ் தொடங்கிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் மண், நீர், பயிர் ஆய்வு இன்றும் பெரிய பிரிவு. தீசிஸ் (ஆய்வேடு) இல்லாத மாஸ்டர்ஸுக்கு உதவியாளர் பதவி அபூர்வம். அதைப் பார்க்காமல் விண்ணப்பக் கட்டணம் கட்டுவது வீண்செலவு. மூன்று வருடப் பொதுப் பட்டம் உள்ளவர்கள் நாடுவாரியான தகுதி நிபந்தனையை முன்கூட்டியே வாசிக்க வேண்டும். பல இடங்களில் நான்கு வருடப் பட்டம்தான் கேட்கிறார்கள்.

செப்டெம்பர் 24

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல். "மதிப்புக்குரிய ஐயா, உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று தொடங்குவது முதல் வரியிலேயே அழிந்துபோகும். அந்த வரியை எவருக்கும் அனுப்பலாம் என்பது அவருக்குத் தெரியும். இப்படி எழுதிப் பாருங்கள்: "வாகரைப் பக்க வயல்களில் 24 இடங்களில் மண்ணின் மின்கடத்துதிறனை இரண்டு போகம் அளந்தேன். சிறுபோகத்தில் உவர் ஏறிய இடங்கள் வாய்க்காலின் கடைசிப் பகுதியில்தான் இருந்தன. உங்கள் அண்மைக் கட்டுரையில் வரும் வடிகால் மாதிரியை இங்கே பொருத்தலாமா என்று யோசிக்கிறேன்." இடம், அளவு, கண்டது, கேள்வி. 200 சொல்லுக்குள் முடிய வேண்டும். கடைசியில் ஒரே கேள்வி: வரும் ஓகஸ்டில் புது மாணவரை எடுக்கும் எண்ணம் உண்டா?

ஒரே துறையில் பத்துப் பேருக்கு ஒரே கடிதம் போனால் அவர்கள் மதியச் சாப்பாட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். துறைக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். செவ்வாய் அல்லது புதன், நம் நேரம் மாலை 6.30க்கு அனுப்பினால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குமேல் வேண்டாம்.

ஒக்டோபர் 15

பெறுபேற்று ஆவணங்களுக்கு இப்போதே பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மே தொடங்கி ஜூலை வரை இழுத்த கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு எங்கும் தாமதம். கற்பித்தல் மொழி ஆங்கிலம் என்ற கடிதத்தையும் அதே நாளில் கேட்பது புத்தி. தமிழ் மொழிமூலம் படித்த கலைப்பீட மாணவருக்கு அந்தக் கடிதம் கிடைக்காது. அவர்கள் ஆங்கிலப் பரீட்சைக்கு இடம் பிடிப்பதுதான் முதல் வேலை.

பரிந்துரைக் கடிதம் மூன்று. கேட்பு இணைப்பு விரிவுரையாளரின் மின்னஞ்சலுக்குத் தானாகவே போகும். தனிப்பட்ட ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் சில இடங்களில் சந்தேகப்படுகிறார்கள். கம்பஸ் முகவரியைக் கொடுத்தால் ஸ்பாமில் விழுகிறது. கம்பஸ் முகவரியையே கொடுங்கள், அன்றே ஃபோன் எடுத்து "சேர், ஸ்பாமையும் ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்லிவிடுங்கள்.

டெமோன்ஸ்ட்ரேட்டராக (செயன்முறை வகுப்பு நடத்துபவராக) இருந்தவர்கள் அதை சி.வி.யில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். டீ.ஏ. கேட்பவருக்கு அதைவிடப் பெரிய தகுதி இல்லை. எந்தப் பாடம், வாரம் எத்தனை செயன்முறை வகுப்பு, ஒரு வகுப்பில் எத்தனை மாணவர், ரெக்கோர்ட் புத்தகம் திருத்தினீர்களா என்பதெல்லாம் வர வேண்டும்.

நவம்பர் 5

அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள். கிழக்குக் கரைக்கும் நமக்கும் இனி பத்தரை மணி நேர வித்தியாசம். டிசம்பர் 1 இரவு 11.59 என்று போட்டிருந்தால் நமக்கு 2ஆம் திகதி காலை 10.29. மாரிமழையில் கரண்ட் எப்போது போகும் என்று எவரும் சொல்ல முடியாது, இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

டீ.ஏ.க்கு டோஃபல் ஆங்கிலப் பரீட்சையின் மொத்தப் புள்ளி போதாது, பேச்சுப் பகுதியைத் தனியாகப் பார்ப்பார்கள். அப்போதைய 30 புள்ளி முறையில் 26 அளவில் கேட்ட இடங்கள் உண்டு. குறைந்தவர்களைச் சில துறைகள் முதல் பருவத்தில் விடைத்தாள் திருத்த மட்டும் வைத்துக்கொள்ளும்.

2025 ஜனவரி 21

சூம் நேர்காணல். ரவுட்டருக்குச் சின்ன யு.பி.எஸ்., பக்கத்தில் வேறு நெட்வேர்க் சிம்முடன் ஒரு ஃபோன். கேட்பது பெரும்பாலும் கைவேலை பற்றித்தான்: இந்தக் கருவியை நீங்களே ஓட்டினீர்களா, பழுதானபோது என்ன செய்தீர்கள்? ஆய்வுகூடத்தில் இருப்பது பழைய கருவி என்றால் அப்படியே சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு தரவு எடுத்தவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

பெப்ரவரி 25

சலுகைக் கடிதங்கள் (இடமும் நிதியும் தருவதாகச் சொல்லும் ஓஃபர் லெட்டர்) வரத் தொடங்கிவிட்டன. "ஃபுல் ஸ்கொலர்ஷிப் கிடைச்சிட்டு" என்று வீட்டில் பாற்சோறு பொங்குவதற்கு முன் கடிதத்தை வேலை ஒப்பந்தம்போல வரி வரியாக வாசிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, 0.50 நியமனம், ஒன்பது மாதம், 18,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 0.50 என்றால் வாரம் 20 மணி நேரம். மாதம் 2,000 போலத் தெரியும். கல்விக் கட்டணம் தள்ளுபடியானாலும் "ஃபீஸ்" எனப்படும் சில்லறைக் கட்டணங்கள் தனி. பருவத்துக்கு 800 என்றால் வருடம் 1,600. மருத்துவக் காப்புறுதியை அவர்கள் கட்டாவிட்டால் இன்னொரு 2,400. நம் மாணவருக்கு வரியில் பொதுக் கழிவு (வருமானத்தில் வரியில்லாமல் விடும் தொகை) கிடையாது, எனவே மத்திய வரி ஏறக்குறைய 1,900. மிஞ்சுவது 12,100. கோடை மூன்று மாதமும் சாப்பிட வேண்டுமே, 12ஆல் பிரித்தால் மாதம் 1,000 சொச்சம்தான். பெரும்பாலான மாநிலங்களில் மாநில வரியும் உண்டு.

தள்ளுபடி முழுக் கட்டணத்துக்கா, வெளிமாநிலத்தவரின் மேலதிகக் கட்டணத்துக்கு மட்டுமா என்பதையும் பாருங்கள். இரண்டாவது என்றால் மீதிக் கட்டணம் உங்கள் தலையில். "நிதி கிடைக்கும் பட்சத்தில் புதுப்பிக்கப்படும்" என்ற வரி பெரும்பாலான கடிதங்களில் இருக்கும். கோடையில் வேலை உண்டா, எத்தனை பேருக்குக் கடந்த வருடம் கிடைத்தது என்று துறைச் செயலாளரிடம் கேட்பதில் தவறில்லை.

மார்ச் 18

பெப்ரவரியில் என்.ஐ.எச். (மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரச நிறுவனம்) தன் மானியங்களில் கட்டடம், நிர்வாகம் போன்ற மேல்செலவுக்கு 15 வீத உச்சவரம்பு அறிவித்ததிலிருந்து நிலைமை கலங்கிவிட்டது, நீதிமன்றம் தடுத்திருக்கிறது. ஆனாலும் சில பல்கலைக்கழகங்கள் மாணவர் சேர்ப்பைக் குறைத்துவிட்டன, கொடுத்த சலுகையைத் திருப்பி எடுத்தவையும் உண்டு. வாய்ச் சொல்லையோ "பார்க்கலாம்" மின்னஞ்சலையோ நம்பி மற்ற இடங்களை விடாதீர்கள். பட்டப்பின் பள்ளிகள் கூட்டாக ஒப்புக்கொண்ட விதிப்படி நிதிச் சலுகைக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன் அவசரப்படுத்தினால், அந்தப் பல்கலைக்கழகம் கையொப்பமிட்டவர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, பணிவாக அந்தத் தேதியை நினைவூட்டுங்கள்.

ஜூன் 20

மே 27 தொடக்கம் புது மாணவர் விசா நேர்காணல் ஒதுக்கீட்டை அமெரிக்கத் தூதரகங்கள் நிறுத்தி வைத்தன. ஜூன் 18ஆம் திகதி மீண்டும் தொடங்குவதாக அறிவிப்பு. சமூக வலைக் கணக்குகளை எல்லோருக்கும் தெரியும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். இடம் கிடைத்ததும் பிடியுங்கள்.

விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் வருடச் செலவு 26,000, உதவியாளர் சம்பளம் 18,000 என்றிருந்தால் மீதி 8,000க்கு வங்கி இருப்புக் காட்ட வேண்டும். காணி உறுதியும் நகை மதிப்பீடும் பெரும்பாலும் எடுபடாது. செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு முறை) கட்டணம் 350 டொலர். நேர்காணலுக்கு முன் கட்டி, ரசீதை அச்செடுத்து வையுங்கள்.

ஓகஸ்ட் 12

போய் இறங்குபவர்களுக்கு. ஐ-20இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக நுழைய முடியாது. வேலை தொடங்கி மூன்று வேலைநாளுக்குள் ஐ-9 (வேலை செய்யும் தகுதியைக் காட்டும்) படிவம்; கடவுச்சீட்டு, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), ஐ-20 மூன்றையும் கொண்டுபோங்கள். சோஷல் செக்யூரிட்டி இலக்கத்துக்கு (அங்கே வேலை செய்பவருக்கு அரசு தரும் இலக்கம்) துறையின் கடிதமும் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் கடிதமும் வேண்டும். இலக்கம் வரும்வரை வேலையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. முதல் சம்பளம் செப்டெம்பர் நடுவிலோ கடைசியிலோதான் வரும், வீட்டு முற்பணமும் ஆறு வாரச் சாப்பாட்டுக் காசும் கையில் இருக்கட்டும்.

பருவம் நடக்கும்போது 20 மணி நேரம் என்பது எல்லா வளாக வேலையும் சேர்த்து. டீ.ஏ.யில் 20 மணி நேரம் செய்துகொண்டு நூலகத்தில் இன்னும் ஐந்து மணி நேரம் என்று போனால் விசா நிபந்தனை முறிந்துவிடும்.

முதல் சம்பளத் துண்டில் சோஷல் செக்யூரிட்டி, மெடிகேர் (அரச ஓய்வூதிய, மருத்துவ நிதிகள்) என்று 7.65 வீதம் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் புதிதாகப் போனவரிடம் அதை வெட்டக் கூடாது. வெட்டியிருந்தால் சம்பளப் பிரிவுக்கு அன்றே எழுதுங்கள். அவர்களே திருத்தித் திருப்பித் தருவது, பிறகு வரித் திணைக்களத்திடம் கேட்டு அலைவதைவிட எவ்வளவோ சுலபம்.