ஒரே லயத்துப் பிள்ளையைப் பற்றி எழுதும்போது

கொழும்பில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவருக்கும் வீரருக்கும் நடுவில் ஒரு மேசை இருக்கும். ஊடகச் சந்திப்பு நடக்கும், அணி முகாமையாளர் பக்கத்தில் இருப்பார். மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கத்து ஹட்டனிலோ பண்டாரவளையிலோ அந்த மேசை கிடையாது. ஓடுகிற பிள்ளை நிருபரின் அதே லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருக்கும், மருமகள் முறையாகவும் இருக்கும். பயிற்றுவிப்பாளர் கூடப் படித்தவர். சில இடங்களில் கழகச் செயலாளரும் பிரதேச நிருபரும் ஒரே ஆள். இப்படிப்பட்ட இடத்தில் "வீரர்களிடமிருந்து விலகி நில்லுங்கள்" என்று சொல்வது செல்லாக்காசு. கோயில் திருவிழாவில் ஒன்றாகத் தேர்வடம் பிடிக்கிறவரை விட்டு எங்கே விலகுவது? ஆளை விட்டு விலக முடியாது, சில வேலைகளை விட்டு விலகலாம். எந்த வேலைகள் என்பதில்தான் கறாராக இருக்க வேண்டும்.

முதலில் காசு. மலையகத்து விளையாட்டுச் செய்தியில் பாதி, உதவிக் கோரிக்கைதான். சப்பாத்து இல்லை, கொழும்புப் போட்டிக்குப் போக வழியில்லை. அப்படி எழுதுவது தவறில்லை. ஆனால் கணக்கு இலக்கம் தாய் அல்லது தந்தையின் பெயரில் இருக்க வேண்டும். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். வட்ஸ்அப்பில் வந்த இலக்கத்தில் ஓர் எண் பிசகினாலும் காசு போகாது, அல்லது யாருக்கோ போய்விடும். "இப்போதைக்கு என் கணக்கில் போடுங்கள், நான் கொடுக்கிறேன்" என்ற நல்ல மனசுதான் எல்லாக் கெட்ட பெயருக்கும் ஆரம்பம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கையில் காசைத் திணித்தால், அவரையே பாடசாலைக்குக் கூட்டிப்போய் அதிபரிடம் பற்றுச்சீட்டு வாங்க வையுங்கள்.

தேவையையும் கணக்காக எழுத வேண்டும்: ஆணிச் சப்பாத்து ஒரு சோடி, இரண்டு பேருக்குப் பஸ் காசு, மூன்று நாள் தங்குமிடம், ஆக இவ்வளவு ரூபாய். தொகை சேர்ந்ததும் "போதும்" என்று இன்னொரு செய்தி போட வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்தும் முகநூலில் அலைகிற கோரிக்கையால் பிள்ளைக்குத்தான் தலைகுனிவு. கோரிக்கை எழுதியவரே அடுத்த போட்டிச் செய்தியையும் எழுதினால், "இவருக்கான உதவிக் கோரிக்கையை வெளியிட்டவர் இந்நிருபரே" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இடமில்லை என்று ஆசிரியர் பீடம் அந்த வரியைத்தான் முதலில் வெட்டும். தொலைபேசியில் சண்டை பிடித்தாவது போட வையுங்கள்.

அடுத்தது, பாசம் எண்ணைக் கெடுக்கும் இடம். வலய மட்டப் போட்டியில் ஒரு மாணவி 100 மீற்றரை ஓடி முடிக்கிறாள், கைக்கடிகாரம் 11.62 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். "11.62 செக்கன், சாதனை!" என்று செய்தி பறக்கும். கையால் எடுத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்திப் பதிய வேண்டும் என்பது விதி, ஆக அது 11.7. மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீற்றருக்கு 0.24 செக்கன் கூட்டுவது வழக்கம் (400 மீற்றருக்கு 0.14). கூட்டினால் 11.94. பின்காற்று செக்கனுக்கு 2.0 மீற்றருக்கு மேல் வீசினால் சாதனைக் கணக்கே இல்லை. காற்றுமானியே இல்லாத மைதானம் என்றால் "சாதனை" என்ற சொல்லைத் தொடவே வேண்டாம்.

எங்கள் ஊருக்கு மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே ஓடிய குறுந்தூர நேரங்களை உயரக் குறியிட்டுப் பிரித்துக் காட்டுவது மெய்வல்லுநர் புள்ளிவிபரக்காரர்களின் வழக்கம். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர். ஹட்டனும் பண்டாரவளையும் ஆயிரத்தைத் தாண்டியவைதான். காற்று அடர்த்தி குறைவதால் குறுந்தூர ஓட்டமும் நீளம் பாய்தலும் கொஞ்சம் இலேசாகும், ஒட்சிசன் குறைவதால் 5,000 மீற்றர் ஓடுகிறவர் திணறுவார். இதை எழுதாமல் விட்டால் அந்தப் பிள்ளை கொழும்பில் ஓடும்போது நேரம் கூடிவிடும், "பயந்துவிட்டாள்" என்று ஊர் பேசும். அந்தப் பேச்சுக்கு விதை போட்டது நம்முடைய தலைப்புதான்.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களிடம் நேரடியாகக் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது. பெற்றோருக்கோ விளையாட்டுப் பொறுப்பாசிரியருக்கோ அனுப்புங்கள். பேட்டி மைதானத்தில், இன்னொரு பெரியவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நடக்க வேண்டும். தாய் கூட இருக்க வேண்டும் என்றால் மாலையில் கொழுந்து நிறுவை முடிந்த பிறகு வரச்சொல்லுங்கள். கொழுந்து பறிக்கிற நேரத்தில் படம் எடுக்கக் கூப்பிட்டு, அவர் அரைப்பேருக்கு (கொழுந்து குறைந்தால் கிடைக்கும் அரைநாள் சம்பளத்துக்கு) போய்விட்டால் அந்த இழப்பை யார் கொடுப்பது? லயத்து அறைக்குள் படம் எடுப்பதானால், அந்தப் பத்திரிகையை அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்புக்குக் கொண்டுபோக முடியுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

"இது எழுதவா, எனக்குத் தெரிந்திருக்கவா?" என்ற கேள்வியைப் பேச்சு தொடங்குமுன் கேட்க வேண்டும். பேசி முடித்த பிறகு கேட்டால் பாதிப் பேர் பயந்துபோய் எல்லாவற்றையும் வாபஸ் வாங்குவார்கள். முழுக் கட்டுரையையும் வாசிக்கக் கொடுக்காதீர்கள். அவர் சொன்ன வசனங்களையும், பெயர், தோட்டம், டிவிசன் (தோட்டப் பிரிவு) விபரங்களையும் மட்டும் வாசித்துக் காட்டுங்கள். தமிழில் சொன்னதைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப் போகிறீர்கள் என்றால் இது கட்டாயம்.

காயமும் மருந்தும் வீட்டுக்குள் புழங்குகிறவருக்கு முதலில் தெரியவரும், அதனாலேயே ஆபத்து. 2015 டிசம்பரில் இலங்கைக் கிரிக்கெட் வீரர் குசல் பெரேரா ஊக்கமருந்துச் சோதனை முடிவொன்றால் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். 2016 மே மாதம் சர்வதேச கிரிக்கெட் சபை (ஐ.சி.சி.) குற்றச்சாட்டைக் கைவிட்டது. இடையில் இருபது20 உலகக் கிண்ணமே முடிந்துவிட்டது. தேசிய வீரருக்கே இந்த நிலை என்றால், பாடசாலைப் பிள்ளையைப் பற்றிய ஒரு வதந்தியை யார் வந்து திருத்துவார்கள்? இறுதி முடிவு வரும்வரை பெயர் வேண்டாம். "ஆள் நாளைக்கு விளையாடுவாரா?" என்று ஒரு நண்பர் சும்மா கேட்பது போலக் கேட்டாலும் கவனம். பந்தயத்துக்காக அணியின் உள்தகவலைக் கொடுப்பதும் விளையாட்டுக் குற்றங்களைத் தடுக்கும் 2019 இன் 24 ஆம் இலக்க இலங்கைச் சட்டத்தில் குற்றம்தான். ஆட்ட நிர்ணயக் குற்றங்களுக்குப் பத்து வருடம் வரை சிறை உண்டு.

மிச்சம் பாராட்டு விழா. தொழிற்சங்கக்காரர் மேடையில் பதக்கம் வென்ற பிள்ளை நிற்கும், பக்கத்தில் நிருபருக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன்பே தொலைபேசியில் மறுத்துவிடுங்கள், அச்சான பிறகு மறுத்தால் அவமரியாதையாகிவிடும். கீழே மூன்றாவது வரிசை போதும். அப்படியும் இறங்கிவந்து பொன்னாடையைப் போர்த்தியே தீருவேன் என்றால் வாங்கிக்கொண்டு, அங்கேயே அதைப் பிள்ளையின் தாய்க்குப் போர்த்திவிடுங்கள்.