பிஎல்சி சாவி யாரிடம் இருக்கிறது?

ஆலையின் கன்ட்ரோல் நெட்வொர்க்கைப் பாதுகாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது எனக்கு சைபர் செக்யூரிட்டி பற்றி ஒன்றும் தெரியாது. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆள். டிரான்ஸ்மிட்டர் காலிபரேஷன், லூப் செக்கிங் என்று காலத்தை ஓட்டியவன். ஆடிட்டுக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டோம். "இந்த நெட்வொர்க்கில் மொத்தம் எத்தனை கருவிகள் இருக்கு?" மானேஜர் என்னைப் பார்த்தார். நான் டிராயிங்கைப் பார்த்தேன். அதில் 41 இருந்தது.

"ஸ்கேன் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல லிஸ்ட் வந்துரும் சார்" என்றான் ஐடி பிரிவுத் தம்பி. வந்தது லிஸ்ட் இல்லை. ஆபரேட்டர் ஆலையைப் பார்த்து இயக்கும் ஹெச்எம்ஐ திரையில் எண்கள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகளாக மாறின. ஆலைக் கருவிகளை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டரான பிஎல்சி, அதில் பழையது ஒன்றின் கம்யூனிகேஷன் கார்டு, தனக்குப் பழக்கமில்லாத பாக்கெட்டுகள் மொத்தமாக வந்து விழுந்ததும் அப்படியே உறைந்துவிட்டது. சுத்தம் செய்வதற்காக அந்த லைனை நிறுத்தி வைத்திருந்த நாள் என்பதால் தப்பித்தோம். ஆபீஸ் கம்ப்யூட்டர் தொங்கினால் ரீஸ்டார்ட் செய்து காபி குடித்துவிட்டு வரலாம். இங்கே தொங்கினால் பம்ப் நிற்கும். அன்றோடு ஸ்கேனுக்குத் தடை போட்டேன். நெட்வொர்க் சுவிட்சில் ஒரு போர்ட்டை மிரர் செய்து, அதாவது போக்குவரத்தின் நகலை அங்கே திருப்பி, ஓடுகிற போக்குவரத்தை ஓரமாக நின்று கேட்பது, மீதிக்குக் காலால் நடந்து ஒவ்வொரு பேனலாகத் திறந்து பார்ப்பது என்று முடிவானது.

மூன்று வாரம் நடந்தோம். 41 என்பது 67 ஆனது. ஒரு பேனலின் பின்பக்கத்தில், கேபிள் டிரங்கிங்குக்கு அடியில், பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டு ஒரு 4ஜி ரவுட்டர் உட்கார்ந்திருந்தது. கமிஷனிங் நேரத்தில் வெண்டர் வைத்துவிட்டுப் போனது. வாரண்டி முடிந்து எத்தனையோ வருடமாகியும் சிம் உயிரோடு இருந்தது. பாஸ்வேர்ட், கம்பெனியிலிருந்து வந்தபடியே. ஸ்டோரில் பயர்வால் வாங்கச் சொல்லி நான் கோப்பு போட்டுக்கொண்டிருந்த வாரத்தில்தான் இதைப் பார்த்தேன். வாசலுக்குப் பூட்டு தேடிக்கொண்டிருக்கிறோம், கொல்லைப்புறத்தில் கதவே இல்லை.

மேலிடத்துக்குப் புரியவைக்க ஸ்லைடு எதுவும் உதவவில்லை. கடைசியில் ஒர்க்‌ஷாப் மேஜையில் ஒரு ஸ்பேர் பிஎல்சியை வைத்து, லேப்டாப்பை இணைத்து, மானேஜரை அழைத்தேன். இலவச மென்பொருள் ஒன்றில் கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் என்கிற மொழி வழியாக, ஒரு காயிலுக்கு (ஆன்/ஆஃப் நிலையை வைத்திருக்கும் இடம்) 1 என்று எழுதினேன். ரிலே 'டிக்' என்றது. 0 எழுதினேன். மறுபடி 'டிக்'. "பாஸ்வேர்ட் கேக்கலையே?" என்றார். கேட்காது. மோட்பஸ் 1979-இல் வந்தது. 'நீ யார்' என்று கேட்க அதில் இடமே கிடையாது. நெட்வொர்க்கில் அது காது வைத்திருக்கும் 502-ஆம் போர்ட்டைத் தொட முடிகிறவன் சொல்வதை அது அப்படியே செய்யும். அதனால் அதைச் சுற்றித்தான் வேலி போட வேண்டும். அந்த இரண்டு 'டிக்'குகளுக்குப் பிறகு பயர்வால் கோப்பில் கையெழுத்து அன்று மாலையே விழுந்தது.

பயர்வாலை வைத்ததும் எதையும் தடுக்கவில்லை. ஒரு மாதம் முழுக்க லாக் மட்டும். அவசரப்பட்டிருந்தால் அவமானப்பட்டிருப்பேன். மாதத்தின் கடைசி நாள் ராத்திரி, அக்கவுண்ட்ஸ் பக்கத்திலிருந்து ஒரு சர்வர் ஆலையின் அளவுகளைச் சேமித்து வைக்கும் ஹிஸ்டோரியனுக்குள் நேராகப் புகுந்து உற்பத்திக் கணக்கை இழுத்துக்கொண்டு போனது. எங்கள் யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்காக ஹிஸ்டோரியனின் நகல் ஒன்றை ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் ஆலை நெட்வொர்க்குக்கும் நடுவில், டிஎம்இசட் என்கிற இடைப்பகுதியில் வைத்தோம். ஆபீஸ் அங்கே வரை வரலாம், அதைத் தாண்டி வர முடியாது.

பெரிய சண்டை பயர்வாலுக்காக வரவில்லை, சாவிக்காக வந்தது. எங்கள் பிஎல்சிகளின் முகப்பில் ஒரு சாவி உண்டு. ரன்னில் இருந்தால் புரோகிராமை மாற்ற முடியாது. ஒன்பது பிஎல்சிகளில் ஏழில் அது ரிமோட்டில், அதாவது நெட்வொர்க் வழியாகவே மாற்ற முடிகிற நிலையில் கிடந்தது. காரணம் எளிது: ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் பேனல் வரை யார் நடப்பது? 2017-இல் சவுதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், ட்ரைகோனெக்ஸ் என்கிற பாதுகாப்புக் கன்ட்ரோலருக்குள் ட்ரைடன் மால்வேர் நுழைந்ததற்கு, சாவி புரோகிராம் நிலையிலேயே விடப்பட்டிருந்ததும் வழிவிட்டது. வெடிப்பு வராமல் ஆலையை நிறுத்த வேண்டிய கருவி அது. மெயின்டெனன்ஸ் ஆட்களிடம் இதைச் சொன்னேன். "அது சவுதி, இங்க எவன் வரப்போறான்" என்றார்கள்.

நான் வாதத்தை விட்டுவிட்டு, பிஎல்சியில் ஓடும் புரோகிராமையும் எங்கள் பேக்கப்பையும் ஒப்பிட்டுக் காட்டினேன். ஓரிடத்தில் பம்பைத் தானாக நிறுத்தும் டிரிப் டைமர் பேக்கப்பில் 5 விநாடி, பிஎல்சியில் 20. யார் மாற்றியது, எப்போது, எதற்கு? ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களில் ஒருவர் மாற்றியதாகத்தான் இருக்கும். ஆனால் உறுதியாகச் சொல்ல ஆளில்லை. அறையில் சத்தம் அடங்கியது. மறுநாள் சாவிகள் எல்லாம் ரன்னுக்குத் திருப்பப்பட்டு, ஷிப்ட் இன்சார்ஜ் மேஜை டிராயருக்குப் போயின. வெல்டிங் மாதிரி வேலைக்குப் போடும் ஹாட் ஒர்க் பெர்மிட் மாதிரியே சாவிக்கும் ஒரு ரிஜிஸ்டர். வெண்டர் வெளியிலிருந்து நுழையவும் அதே முறைதான். போன் செய்வார், பெர்மிட் போடுவோம், இணைப்பைத் திறப்போம், முடிந்ததும் மூடுவோம். முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டார்.

முடியாத வேலையும் உண்டு. பழைய பிஎல்சி ஒன்றுக்குப் புரோகிராம் எழுத, விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் இன்ஜினியரிங் ஸ்டேஷன் ஒன்று இன்னும் இருக்கிறது. 2014 ஏப்ரலோடு மைக்ரோசாப்ட் அதைக் கைவிட்டது, எங்களால் விட முடியவில்லை. பழைய டாங்கிளோடு (லைசென்ஸுக்காகச் செருகும் கருவி) வந்த மென்பொருள் புதிய விண்டோஸில் ஏறவே மாட்டேன் என்கிறது. நெட்வொர்க்கிலிருந்து பிடுங்கி, யூஎஸ்பி போர்ட்டுகளை அடைத்து, பூட்டிய அறையில் வைத்திருக்கிறோம். அடுத்த ஷட்டவுனில் அந்த பிஎல்சியோடு சேர்த்து அதையும் மாற்ற வேண்டும்.

போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தது. சீனியர் ஆபரேட்டர் அண்ணன். "சார், மூணாம் லைன் சாவி கேக்குறாங்க. எதுக்குன்னு கேட்டேன், சொல்ல மாட்டேங்குறாங்க. குடுக்கல. சரிதானே?"

"சரிதான் அண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து சட்டையைப் போட்டேன்.