தாளில் போட்ட 5 மைக்ரோலிட்டர்

ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (ஒளிரும் டை மாட்டிய ஆன்டிபாடியை செல்லில் ஒட்டவைத்து, லேசர் மெஷினில் ஒவ்வொரு செல்லாக அளப்பது) வாங்கும் ஆன்டிபாடியோடு வரும் தாளில் ‘ஒரு டெஸ்டுக்கு 5 மைக்ரோலிட்டர்’ என்று இருக்கும். அது கம்பெனிக்காரர்கள் தங்கள் செல்லில், தங்கள் மெஷினில் பார்த்த அளவு. நாகர்கோவிலில் ஸ்டெயின் பண்ணி (ஆன்டிபாடியை ஒட்டவைத்து), ஃபிக்ஸ் செய்து (செல்லை அப்படியே நிலைக்கவைத்து), ஐஸ் பெட்டியில் திருவனந்தபுரம் கொண்டுபோய் மெஷினில் ஓட்டுகிறவர்கள் டைட்ரேஷன் (ஆன்டிபாடியைப் படிப்படியாகக் குறைத்துச் சரியான அளவைக் கண்டுபிடிப்பது) செய்தே ஆகவேண்டும். அதையும் ஃபிக்ஸ் செய்து, அதே பயணம் போய்வந்த செல்லில்தான் செய்யவேண்டும்.

ஆன்டிபாடி சிடி4 பிஇ-சிஒய்7 என்று வைத்துக்கொள்வோம்: செல்லின் மேலுள்ள சிடி4 புரோட்டீனில் ஒட்டுவது, பிஇ-சிஒய்7 அதில் மாட்டிய ஒளிரும் டை. முதல் டியூபில் 20 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடி, 80 பஃபர் (பிபிஎஸ் என்ற உப்புக்கரைசல், 2% சீரம், 2 மில்லிமோலார் இடிடிஏ). மற்ற ஆறிலும் 50 பஃபர். முதலாவதிலிருந்து 50 எடுத்து அடுத்ததில் கலந்து, அப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போங்கள். கடைசி டியூபில் மிஞ்சும் 50-ஐக் கொட்டிவிடலாம். எட்டாவது டியூபில் வெறும் பஃபர். எல்லாவற்றிலும் 5 லட்சம் செல் உள்ள 50 மைக்ரோலிட்டர். மொத்தம் 100 மாறவே கூடாது. ஒட்டுவதைத் தீர்மானிப்பது முக்கியமாக ஆன்டிபாடியின் செறிவு. செல் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம் வராது, வால்யூம் மாறினால் கணக்கே போச்சு.

செல்லை ஆன்டிபாடியில் சேர்க்கும் முன்பே எஃப்சி பிளாக்கில் (ஆன்டிபாடி வேண்டாத இடத்தில் ஒட்டாமல் தடுப்பது) 10 நிமிடம் வையுங்கள். செத்த செல்லைக் காட்டும் 7-ஏஏடி டை, ஃபிக்ஸ் செய்யப்போவதால் உதவாது. அதே வேலைக்கு ஃபிக்ஸ் தாங்கும் வயபிலிட்டி டையை, சீரம் கலக்காத பிபிஎஸ்ஸில், ஸ்டெயினுக்கு முன்னால் போடவேண்டும். சீரம் இருந்தால் டை அதன் புரோட்டீனில் ஒட்டி வீணாகும்.

ஸ்டெயின் 4 டிகிரியில், இருட்டில், 30 நிமிடம். ‘அறை வெப்பநிலை’ என்று புரோட்டோகால் சொல்வது 20–25 டிகிரியை. ஏசி இல்லாத நம்ம ஊர் மார்ச் மாத அறையை அல்ல. இரண்டு தடவை கழுவி, 1% பாராஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம், மறுபடி கழுவி பஃபரில் வையுங்கள்.

மெஷின் காட்டும் படத்தில் லிம்போசைட் கேட்டில் (அந்த வகை செல்லை மட்டும் சுற்றிப் போடும் கட்டம்) மட்டும் பாருங்கள். மோனோசைட்டிலும் சிடி4 மங்கலாக இருக்கும். பாசிட்டிவ் (சிடி4 உள்ள) செல்களின் ஒளி மீடியனில் நெகட்டிவ் (சிடி4 இல்லாத) செல்களின் மீடியனைக் கழித்து, நெகட்டிவின் ஸ்டாண்டர்ட் டீவியேஷனை இரண்டால் பெருக்கி அதனால் வகுத்தால் ஸ்டெயின் இண்டெக்ஸ். அது உச்சம் தொடும் டியூப்தான் உங்கள் அளவு. அதற்கு மேல் ஆன்டிபாடி கூடினால் பாசிட்டிவ் ஏறாமல் நெகட்டிவ்தான் ஏறும்.

பிஇ-சிஒய்7 மாதிரியான டேண்டம் டை (இரண்டு டையை இணைத்தது) வெளிச்சத்திலும் சூட்டிலும் ஃபிக்ஸிலும் உடையும். உடைந்தால் பிஇ சேனலில் இல்லாத பாசிட்டிவ் முளைக்கும். ஆன்டிபாடி குப்பியோ ஸ்டெயின் ஆன டியூபோ, உறைந்த ஜெல் பேக்கில் நேரடியாக முட்டவும் விடாதீர்கள். பிஇ, ஏபிசி என்ற டைகள் இரண்டும் உறைந்தால் கெட்டுப்போகும். காம்பன்சேஷன் டியூப்களையும் (ஒரு டையின் ஒளி அடுத்த சேனலில் கசிவதைக் கழிக்க வைக்கும் ஒற்றை டை டியூப்கள்) அதே ஃபிக்ஸில் போட்டு, அதே பெட்டியில் அனுப்புங்கள்.