எல்லாத்துக்குமாங்கண்ணா?

"எல்லாத்துக்குமாங்கண்ணா?" என்று மட்டும்தான் கேட்டார், எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவர். சனிக்கிழமை இரவு ஒன்பதரை இருக்கும், அலுவலகத்தில் நாங்கள் இருவர்தான். நான் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் கான்ஃபிக் கோப்பில் 80ஆம் போர்ட்டுக்கான, அதாவது பூட்டில்லாத எச்.டி.டி.பி.யில் வருபவற்றுக்கான பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனியின் எந்தப் பெயரில் வந்தாலும் சரி, அப்படியே பூட்டுள்ள எச்.டி.டி.பி.எஸ்.க்குத் தள்ளிவிடும் ஒரே ஒரு 301, முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது, அங்கே போ என்று சர்வர் சொல்லும் எண். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாத்துக்கும்தாம்மா, இதுல என்ன ஒண்ண விட்டு ஒண்ணு" என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சர்வரை ரீலோட் செய்துவிட்டுக் கிளம்பினோம்.

2019இல் நடந்தது இது. அந்தக் கேள்வியை எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எச்சரிக்கையாகக் கேட்டாரா, அல்லது வேலையை ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டாரா? குரலை நினைவுபடுத்திப் பார்க்கிறேன், ஒரு நாள் இப்படித் தோன்றுகிறது, ஒரு நாள் அப்படி.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பொய்யான நியாயம் இல்லை. 2018 ஜூலையில் குரோம் எல்லா எச்.டி.டி.பி. பக்கங்களையும் பாதுகாப்பற்றவை என்று முகவரிப் பட்டையிலேயே காட்ட ஆரம்பித்தது. எங்கள் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையை முதலாளி பார்த்ததிலிருந்து வாரம் ஒரு முறை கேட்பார். முன்பெல்லாம் ஒவ்வொரு சப்டொமைனுக்கும், அதாவது கம்பெனி முகவரிக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த ஒவ்வொரு பெயருக்கும், எச்.டி.டி.பி.எஸ்.க்கான சான்றிதழைத் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே 2018 மார்ச்சில் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், எல்லாச் சப்டொமைனுக்கும் சேர்த்து ஒன்றாக எடுக்கும் வைல்டு கார்டு சான்றிதழையும் இலவசமாகத் தர ஆரம்பித்துவிட்டது, பெயர்களின் பட்டியலான டி.என்.எஸ்.இல் ஒரு டெக்ஸ்ட் பதிவு போட்டுக் காட்டினால் போதும். அதன் பிறகு தள்ளிப்போட எனக்குக் காரணமே இல்லை. சான்றிதழை வாங்கினேன், 301 போட்டேன், கூடவே இனி எச்.டி.டி.பி.எஸ்.இல் மட்டும் வா என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்.எஸ்.டி.எஸ். ஹெடரில் சப்டொமைன்களையும் சேர்த்து 31536000 வினாடி, அதாவது முழுதாக ஒரு வருடம். ஐந்து நிமிடத்துக்கு வைத்துச் சோதித்துவிட்டுப் பிறகு கூட்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் நேரே ஒரு வருடம் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் போன் கணக்குப் பிரிவிலிருந்து. தினசரி அறிக்கைப் பக்கம் திறக்கவில்லை. அது சப்டொமைனுக்குள் இன்னொரு சப்டொமைன், இரண்டு புள்ளி தாண்டிய பெயர். வைல்டு கார்டில் அந்த நட்சத்திரக் குறி ஒரு அடுக்கைத்தான் மூடும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அப்படி ஒரு பெயர் இருப்பது மறந்துபோயிருந்தது. எச்.எஸ்.டி.எஸ். போட்டிருந்ததால், "பரவாயில்லை, உள்ளே போ" என்று சொல்லும் வழியைக்கூட குரோம் காட்டவில்லை. வீட்டிலிருந்தே அந்தப் பெயருக்குத் தனிச் சான்றிதழ் எடுத்துப் போட்டேன், அரை மணி நேர வேலை. மனதுக்குள் ஒரு திருப்தி கூட வந்தது. வரவேண்டிய பிரச்சினை வந்தது, தீர்ந்தது என்று நினைத்தேன்.

அதே நேரத்தில் 34 பால் சேகரிப்பு மையங்களிலிருந்து வந்த கணக்கு எங்கேயும் சேராமல் போய்க்கொண்டிருந்தது.

மையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். பால் ஊற்றுபவரின் எண், எத்தனை லிட்டர், ஃபேட் என்கிற கொழுப்பு, எஸ்.என்.எஃப். என்கிற கொழுப்பல்லாத திடப்பொருள், இவ்வளவும் அதில் ஏறும், அவருக்கு ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கும், பின்னணியில் ஒரு சின்ன நிரல் அதையெல்லாம் எங்கள் சர்வருக்குப் போஸ்ட் செய்யும், அதாவது தகவலை உள்ளே வைத்து அனுப்பும். அந்த நிரலில் முகவரி எச்.டி.டி.பி. என்றே எழுதியிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது, யாரும் தொட்டதில்லை. 301 வந்ததும் அது சமர்த்தாகப் புது முகவரிக்குப் போனது, ஆனால் போஸ்ட்டாக இல்லை, கெட்டாக, அதாவது எதையும் அனுப்பாமல் கொடு என்று மட்டும் கேட்பதாக. 301க்கும், தற்காலிகமாகத் திருப்பிவிடும் 302க்கும் இப்படி மாற்றிக்கொள்ள வரையறையே இடம் கொடுத்திருக்கிறது, பழைய பழக்கம் அது. உள்ளே இருந்த கணக்கு வழியிலேயே உதிர்ந்துவிட்டது. எங்கள் சர்வரோ, அதே முகவரிக்குக் கெட் வந்தால் அன்றைய பட்டியலைக் கொடுக்கும்படி எழுதப்பட்டிருந்தது, காலிப் பட்டியலோடு 200, அதாவது எல்லாம் சரி, என்று பதில் சொன்னது. 200 வந்தால் சேர்ந்துவிட்டது என்று அந்த நிரலுக்கு அர்த்தம். வேளை முடிந்ததும் அனுப்பியதையெல்லாம் தன்னிடமிருந்து அழித்துவிடும்.

ஞாயிறு காலைப் பால், மாலைப் பால், திங்கள் காலைப் பால். மூன்று வேளை. எங்கேயும் ஒரு எரர் இல்லை. திங்கள் மதியம், மையங்களின் பாலைக் குளிரூட்டும் சில்லிங் சென்டரில் கணக்கு பார்ப்பவர் கூப்பிட்டார். "வண்டியில பால் வந்துருக்குதுங்க தம்பி, கம்ப்யூட்டர்ல பாலே இல்லீங்களே." வந்ததையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். ஒரு வரியில் போஸ்ட், 301. அடுத்த வரியில் கெட், 200. இப்படியே ஜோடி ஜோடியாக ஆயிரக்கணக்கில். பார்த்த பத்து வினாடியில் புரிந்துவிட்டது, கை சில்லிட்டுப்போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பால் கணக்கு வரும் சப்டொமைனுக்கு மட்டும் 301ஐ எடுத்துவிட்டேன், மாலையிலிருந்து கணக்கு வர ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை மீட்டிங். மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல், "மாத்தறதுக்கு முன்னாடி இந்தச் சந்தேகம் யாருக்குமே வரலையா?" என்றார்.

"இல்லைங்க சார், யாரும் கேக்கல" என்றேன்.

சனிக்கிழமை என்னோடு இருந்தவர் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, அந்த நொடியில் அந்தச் சனிக்கிழமைக் கேள்வி என் நினைவில் இல்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் சொல்லி முடித்ததும் என் கண் ஏன் அவர் பக்கம் போனது? மறந்திருந்தால் போயிருக்காதே.

அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு 301 போஸ்ட்டைக் கெட்டாக்கும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை, சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆகவே அது எச்சரிக்கையே இல்லை என்று வாதாடலாம், வாதாடியும் இருக்கிறேன். ஆனால் எச்சரிக்கை என்றால் என்ன? காரணம் தெரிந்து சொல்வது மட்டுமா? எல்லாவற்றுக்குமா என்று ஒருவர் கேட்டால், எல்லாம் என்றால் எவையெவை என்று நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். டி.என்.எஸ். பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே படித்திருந்தால் ஐந்து நிமிடம். பால் என்ற பெயரைப் பார்த்ததும் கை நின்றிருக்கும். அல்லது நின்றிருக்காதோ என்னவோ. நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் பிரவுசரில்தான், பக்கம் திறந்தது, பூட்டு வந்தது, அதோடு சரி.

308 போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். 308 போஸ்ட்டைப் போஸ்ட்டாகவே வைத்திருக்கும், உண்மைதான், 2015லேயே ஆர்.எஃப்.சி. 7538 என்ற இணைய வரையறை ஆவணத்தில் வரையறுத்துவிட்டார்கள். ஆனால் யோசிக்க யோசிக்க, கணக்கு வரும் முகவரிக்குத் திருப்பிவிடுவதே தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. மையத்திலிருந்து எச்.டி.டி.பி.யில் போஸ்ட் கிளம்பும்போதே லிட்டரும் ஃபேட்டும் பூட்டில்லாமல் வழியெல்லாம் போய்விட்டன, அதன் பிறகு சர்வர் இந்தப் பக்கம் வா என்று சொல்லி எதைக் காப்பாற்றப்போகிறது? முடியாது என்று 403 கொடுத்து முகத்தில் அடித்தாற்போல மறுத்திருந்தால், ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்கு 34 மையமும் என்னைத் திட்டியிருக்கும், ஆறு மணிக்குள் சரிசெய்திருப்பேன், ஒரு வேளைக் கணக்குகூடப் போயிருக்காது. இதை எங்கள் டீமில் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். சொல்லும்போது அந்தச் சனிக்கிழமையைப் பற்றியும் சொல்கிறேன், மீட்டிங்கைப் பற்றி மட்டும் சொல்வதில்லை.

போன கணக்கைச் சீட்டுகளை வைத்துத் திரும்ப ஏற்றினோம், நான்கு நாள் ஆனது. சீட்டு வைத்திருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தொலைத்தவர்களுக்கு முந்தைய பத்து நாள் சராசரியைப் போடலாம் என்று முடிவெடுத்தோம், அது நியாயமாகவே தெரிந்தது. ஒரு அம்மா மையத்துக்கே வந்து சண்டை போட்டார், போனை வாங்கி என்னிடமும் பேசினார். "என் மாடு கன்னு போட்டுப் பதினஞ்சு நாள்தாங் கண்ணு ஆச்சு. பால் இப்பத்தான் ஏறிட்டிருக்குது. போன வாரத்துப் பாலும் இந்த வாரத்துப் பாலும் எப்படி ஒண்ணாகும்?" என்னிடம் பதில் இல்லை. அவருக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பது என்று மைய ஆளே பார்த்து ஒரு தொகை சொன்னார், கொடுத்தோம். அது சரியான தொகைதானா என்று சொல்ல ஒரு ஆதாரமும் மிச்சமில்லை, ஆதாரம்தான் அந்த 301இல் போய்விட்டதே.

அன்று கேள்வி கேட்டவர் அடுத்த வருடம் வேறு வேலைக்குப் போய்விட்டார். போவதற்கு ஒரு வாரம் முன்னால் அந்தப் பழைய சம்பவ அறிக்கையைத் திறந்து, மாற்றத்துக்கு முன் எல்லாச் சப்டொமைன்களுக்குமா என்ற கேள்வி எழுப்பப்பட்டது, பரிசீலிக்கப்படவில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். யார் எழுப்பியது என்று எழுதவில்லை. பெயரைப் போட்டால் அவரைத் தேவையில்லாமல் இதில் இழுத்ததாகுமோ என்று பயந்தேன், போடாமல் விட்டதில் என்னைக் காத்துக்கொண்ட சுயநலமும் இருக்கிறது. அவரிடம் காட்டினேன். படித்தார். "அதெல்லாம் எதுக்குங்கண்ணா இப்ப" என்றார்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்புறம், "எனக்கு அன்னைக்கே பால் சென்டர் ஞாபகம்தான் வந்துச்சு" என்றார்.