ஜூன் விடுமுறையில் மத்தியதரைக்கடல் கரை: குடும்பமாகப் போவோருக்கு

நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் விடுமுறை நான்கு வாரம். அந்த நான்கில் எந்த வாரம் கிளம்புவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விலை, கூட்டம், கடல்நீரின் சூடு எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

அங்கே உச்சப் பருவம் ஜூலையும் ஆகஸ்டும். இத்தாலியப் பள்ளிகள் ஜூன் முதல் பாதியில் மூடுகின்றன, ஸ்பெயினில் ஜூன் 20ஐ ஒட்டி, பிரான்சில் ஜூலை தொடக்கத்தில். ஆகவே ஜூன் கடைசி வாரத்தில் உள்ளூர்க் குடும்பங்கள் கடற்கரைக்கு வர ஆரம்பித்துவிடும். மே கடைசியில் வேறொரு கூட்டம். பிரிட்டிஷ் பள்ளிகளின் அரைத்தவணை விடுமுறை அப்போதுதான். ஜெர்மனியின் பவேரிய மாநிலப் பள்ளிகளுக்குப் பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி இரண்டு வாரம் லீவு, அது மே கடைசியிலோ ஜூனிலோ விழும். அவர்கள் ஆல்ப்ஸைக் காரிலேயே தாண்டி இத்தாலியின் கார்டா ஏரிக்கும் வட ஏட்ரியாட்டிக் கரைக்கும் இறங்கிவிடுவார்கள். ஜூன் 2 இத்தாலியின் குடியரசு நாள் வேறு.

தண்ணீரையும் பாருங்கள். ஜூன் தொடக்கத்தில் இத்தாலியின் வடமேற்குக் கரையான லிகூரியா, கிழக்குக் கரையான ஏட்ரியாட்டிக் பக்கம் கடல் ஏறக்குறைய 20 முதல் 22 டிகிரி, மாதக் கடைசியில் 23, 24. செந்தோசாவில் 29 டிகிரித் தண்ணீரில் விளையாடிப் பழகிய பிள்ளைகள் பத்து நிமிடத்தில் உதடு நடுங்கக் கரையேறிவிடுவார்கள். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் விடுமுறையின் நடு இரண்டு வாரம்தான் சரி என்பது என் முடிவு. முழுக்கை நீச்சல் சட்டை கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், குளிருக்கும் உதவும், வெயிலுக்கும் உதவும். வீட்டில் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால், தொடக்கநிலை ஆறுக்கு விடுமுறைச் சிறப்பு வகுப்பு எந்த வாரம் என்று பள்ளியில் கேட்டறிந்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு ஷெங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விசா தேவையில்லை, 180 நாளில் 90 நாள் இருக்கலாம். ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் கடப்பிதழ் மூன்று மாதம் செல்ல வேண்டும். நம் வீடுகளில் சிக்கல் வருவது கலந்த கடப்பிதழ்களால்தான். கணவர் குடிமகன், மனைவி இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசி என்றால், அவருக்கு விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஜூன் பயணத்துக்கு டிசம்பரிலேயே கதவு திறந்துவிடுகிறது, ஆனால் பலரும் ஏப்ரலில்தான் நேர்காணலுக்கு நேரம் தேடுகிறார்கள், அதற்குள் இடம் நிரம்பிவிடுகிறது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம் போக வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி, பொதுவாக அவர்கள் குடியிருக்கும் இந்தியாவிலேயே விண்ணப்பித்துவிட்டு வர வேண்டும். இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அவர்களை விட்டுவிட்டுப் போகும்படி ஆகிவிடும்.

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை தொடங்கியிருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு முகப்படம் மட்டும். முதல் தடவை பதிவதற்கு நேரம் பிடிக்கும், வரிசையும் நீளும். இதனால் ஷெங்கனின் முதல் விமான நிலையத்தில் ஒன்றரை மணி நேர இடைவெளியில் விமானம் மாறும் டிக்கெட்டை எடுக்காதீர்கள், மூன்று மணி நேரமாவது வையுங்கள். ரோம், மிலான், பார்சலோனாவுக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஏதென்ஸுக்கு ஸ்கூட்டும் நேரடியாகப் பறப்பதால் இந்தத் தலைவலியையே தவிர்க்கலாம்.

அடுத்தது ஊர். பத்து, பன்னிரண்டு இரவுக்கு இரண்டே ஊர் போதும். பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ரயில் பிடித்து, அடுத்த வீட்டில் மூன்று மணிக்குத்தான் சாவி கிடைக்கும் என்று காத்திருந்தால் ஒரு நாள் முழுசாகப் போய்விடும். படத்தில் அழகாகத் தெரியும் ஊர்கள் பலவும் முதியவர்களுக்கும் தள்ளுவண்டிக்கும் ஆகாதவை. இத்தாலியின் பொசிடானோ முழுக்கப் படிக்கட்டு. லிகூரியாவில் சிங்க்வே தெர்ரே எனும் ஐந்து ஊர்களில் ஒன்றான கொர்னீலியாவில் ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற சுமார் 380 படி. பிரான்சின் நீஸில் கடற்கரை கூழாங்கல், தண்ணீரும் சில அடியிலேயே ஆழமாகிவிடும். சின்னப் பிள்ளைகளோடு போவோருக்கு ஏட்ரியாட்டிக் பக்கம் ரிமினி, ரிச்சோனே, யேசோலோ, ஸ்பெயினில் சாலோ, கம்பிரில்ஸ், கிரேக்கத்தில் நக்ஸோஸ் தீவின் மணல் கரைகள் பொருத்தம். ரிமினிப் பக்கம் தண்ணீர் நெடுந்தூரம் முழங்காலளவுதான், அதன் நிறம் படங்களில் பார்க்கும் நீலமாக இருக்காது. மூன்று வயதுப் பிள்ளைக்கு நிறத்தைவிட ஆழம் முக்கியம். பொசிடானோவை ஒரு நாள் படகில் போய்ப் பார்த்து வந்தால் போதும்.

வீடு எடுக்கும்போது மாடிக் கணக்கைக் கவனியுங்கள். நம் புளோக்கில் தரைத்தளமே முதல் மாடி. அங்கே தரைத்தளம் பூஜ்யம், அதற்கு மேல்தான் ஒன்று. ‘மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை’ என்று போட்டிருந்தால் நம் கணக்கில் நான்காம் மாடி, நான்கு பெட்டியோடு. இத்தாலிய விடுதியில் இருவர் அறைக்குள் நான்கு பேரைப் பெரும்பாலும் விடமாட்டார்கள், பிள்ளைகளின் வயதைப் பதிவிலேயே குறிப்பிட வேண்டும். ஏர்கான் படுக்கையறையில் இருக்கிறதா, கூடத்தில் மட்டுமா என்று எழுதிக் கேளுங்கள். 2025 முதல் இத்தாலியில் குறுகிய கால வாடகை வீட்டு விளம்பரங்களில் சி.ஐ.என் எனும் தேசிய அடையாளக் குறியீடு இருக்க வேண்டும், அது இல்லாத வீட்டைத் தொடாதீர்கள். நகரசபையின் சுற்றுலா வரி பல இடங்களில் வாடகையில் சேராது, தலைக்கு, இரவுக்கு என்று அங்கே போய்க் கட்ட வேண்டும்.

இத்தாலிய வீடுகள் பலவற்றில் மின்இணைப்பு 3 கிலோவாட்தான். ஏர்கான் ஓடும்போதே தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலையும் சோற்றுப்பானையையும் சேர்த்துப் போட்டால் மொத்த வீடும் இருண்டுவிடும், கெட்டில் மட்டுமே சுமார் 2 கிலோவாட் இழுக்கும். மீட்டர் பல கட்டடங்களில் கீழே, பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். சாவி வாங்கும்போதே அது எங்கே, எப்படித் திறப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சமைக்கும்போது ஏர்கானை நிறுத்துவது நல்லது. அடுப்பு இண்டக்‌ஷன் என்றால் அலுமினிய குக்கர் அதில் சூடாகாது. நம் மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும், மின்னழுத்தம் ஒன்றுதான்.

இங்கிருந்து பெட்டியில் எதைக் கொண்டுபோகலாம் என்பதிலும் விதி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுபோகத் தடை, நெய்யும் அதில் அடக்கம். கைக்குழந்தைக்கான பால் மாவுக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு. தேக்கா சந்தையில் வாங்கிய பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகக்கூடாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மாங்காய் ஊறுகாய், அப்பளம், நெத்திலி சம்பல் தாராளமாகப் போகலாம். தயிருக்குக் கவலை வேண்டாம், கிரேக்கத் தயிர் எந்தப் பேரங்காடியிலும் உண்டு.

சைவம் சாப்பிடுவோர் கேட்டே வாங்க வேண்டும். பார்மசான் சீஸில் கன்றின் இரைப்பை நொதி சேரும். காய்கறி சூப்பு இறைச்சிச் சாற்றில் கொதித்திருக்கலாம். தென் இத்தாலியப் பகுதியான புலியாவின் கீரை பாஸ்தாவில் நெத்திலி மீன் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. லிகூரியாவில் ஃபரினாட்டா கேளுங்கள், கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு அவ்வளவுதான். கிரேக்கத்தில் எண்ணெயில் வெந்த காய்கறி வகைகளும் பெரிய வெள்ளை பீன்ஸும் வயிறு நிறைக்கும். நேரம்தான் பிரச்சினை. இத்தாலிய உணவகங்களில் இரவுச் சாப்பாடு ஏழரைக்கு, ஸ்பெயினில் எட்டரைக்கு மேல். அங்கே மாலை ஏழு என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு இரவு ஒரு மணி. முதல் மூன்று நாள் மதியம் ஒன்றுக்கு உணவகத்தில் நன்றாகச் சாப்பிட்டு, இரவுக்கு வீட்டில் தயிர்சாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடும் பிள்ளைகளை ஏழு மணிக்கே கடலுக்கு அழைத்துப் போகலாம், அந்த நேரம் கூட்டமும் இல்லை, வெயிலும் இல்லை. ஒன்றிலிருந்து நான்கு வரை வீட்டுக்குள் இருங்கள்.

கார் எடுப்போர் கவனத்துக்கு. ஆட்டோ வண்டிக்கு மட்டுமான 3ஏ உரிமம் வைத்திருப்பவர் கியர் வண்டி ஓட்ட முடியாது, அங்கே ஆட்டோ வண்டிகளோ குறைவு, உச்சப் பருவத்தில் சீக்கிரம் தீரும், விலையும் கூட. ஜனவரியிலேயே பதிந்துவிடுங்கள். ஏஏஎஸ் எனும் சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கம் வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும், ஓட்டுநர் பெயரிலேயே கடன் அட்டையும் தேவை. சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரத்தோடு பிள்ளைக்கான இருக்கை விதி முடிகிறது, இத்தாலியில் 1.50 மீட்டர் வரை. இங்கே இருக்கை வேண்டாம் என்ற பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே பூஸ்டர் வேண்டும். பழைய நகர மையங்களில் இஸட்.டி.எல் (அனுமதியில்லாத வண்டிகளுக்குத் தடையான பகுதி) பலகை தாண்டினால் கேமரா படம் பிடித்துவிடும். அபராதமும் வாடகை நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணமும் மாதங்கள் கழித்து வரும். தங்குமிடம் அந்த எல்லைக்குள் இருந்தால், வண்டி எண்ணைப் பதிந்து தரச் சொல்லி விடுதியிடம் முன்பே கேளுங்கள். பதின்மூன்று மணி நேரம் பறந்து இறங்கிய காலையில், வலப்பக்கச் சாலையில், பிள்ளைகளோடு ஓட்ட வேண்டாம். மறுநாள் வண்டியை எடுங்கள்.

இத்தாலியக் கடற்கரைகளில் பல இடங்கள் கட்டணப் பகுதி. ஒரு குடை, இரண்டு சாய்வுநாற்காலிக்கு நாளுக்கு 20 முதல் 40 யூரோ சாதாரணம், முதல் வரிசைக்குக் கூடுதல். நான்கு பேருக்கு ஒரு செட் போதும். வாரத்துக்குப் பதிந்தால் குறைத்துத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க்காரர்கள் வருவதால் அன்று முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

ஊதா ஜெல்லிமீன் கொட்டினால் நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டுசெல்கள் நன்னீர் பட்டதும் வெடித்து இன்னும் விஷத்தை இறக்கும். தேய்க்கவும் கூடாது. கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் அல்லது பழைய அட்டையின் விளிம்பால் மெல்ல எடுங்கள். பாறைக் கரைகளில் கடல்முள்ளெலி உண்டு, ரப்பர் காலணி இல்லாமல் இறங்கவிடாதீர்கள்.

கிரேக்கத் தீவுக்குப் போவோர் கடைசி இரவை ஏதென்ஸில் வையுங்கள். ஏஜியன் கடலில் வடகாற்று வலுத்தால் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள், வேகப்படகுதான் முதலில் நிற்கும். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து நக்ஸோஸுக்குப் பெரிய கப்பல் ஐந்து மணி நேரத்தை ஒட்டி எடுத்தாலும் ஆட்டம் குறைவு, டிக்கெட்டும் மலிவு. பிள்ளைகளோடு அதிலேயே போங்கள். பிரேயஸ் துறைமுகம் பெரிது, நுழைவாயில் எண்ணை டிக்கெட்டில் பார்த்துவிட்டு டாக்சிக்காரரிடம் சொல்லுங்கள், தவறான வாயிலில் இறங்கினால் பெட்டிகளோடு நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும்.